காமா கேமரா வச்சு கதிரியக்க சோர்ஸை தேடிக் கண்டுபிடிக்கிறது எப்படி: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

2010 ஏப்ரல்ல டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்ல நடந்ததை இந்த வேலைல இருக்கிற யாரும் மறக்கக் கூடாது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறைல பல வருஷமா சும்மா கிடந்த காமாசெல்ங்கிற கதிர்வீச்சு மெஷினை அந்த வருஷம் பிப்ரவரில ஏலத்துல வித்துட்டாங்க, அது மாயாபுரி கடைக்கு வந்து சேர்ந்துச்சு, பிரிச்சு உடைச்சாங்க, உள்ள இருந்த கோபால்ட்-60 வெளிய வந்து துண்டு துண்டா வேற வேற இடத்துக்குப் போயிடுச்சு. ஒருத்தர் இறந்துட்டார், இன்னும் சில பேர் கதிர்வீச்சு பாதிப்போட ஆஸ்பத்திரில கிடந்தாங்க. சர்வதேச அணு விபத்து அளவுகோல்ல அது லெவல் 4.

அங்க தேடப் போன டீமோட நிலைமைய நினைச்சுப் பாருங்க. குறுகலான சந்து, ரெண்டு பக்கமும் இரும்புக் குவியல், கதிர்வீச்சு மீட்டரை எங்க நீட்டினாலும் அளவு ஏறுது, ஆனா எந்தக் குவியல்ல எந்தத் துண்டுன்னு மீட்டர் சொல்லாது. கிட்டப் போய்ப் போய்தான் பாக்கணும், போற ஒவ்வொரு அடிக்கும் தேடுறவர் உடம்புல டோஸ், அதாவது வாங்குற கதிர்வீச்சு அளவு, ஏறிக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி இடத்துக்குத்தான் காமா கேமரா. தள்ளி நின்னுக்கிட்டே, கதிர் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு சாதாரண ஃபோட்டோ மேல கலரா போட்டுக் காட்டும். நான் இதுல திரும்பத் திரும்ப சொல்லப்போற விஷயம் ஒண்ணுதான்: கேமரா திசைய மட்டும்தான் சொல்லும், தூரம் சொல்லாது, ஆபத்து எவ்ளோன்னும் சொல்லாது, அதையெல்லாம் நீங்கதான் மீட்டரையும் கணக்கையும் வச்சு கண்டுபிடிக்கணும்.

இது பயிற்சி எடுத்த கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரி, ஆலைல வேலை பாக்குறவங்க, எமர்ஜென்சி டீம்ல இருக்கிறவங்க இவங்களுக்காக எழுதினது. மத்தவங்க ரோட்லயோ குப்பைலயோ மூணு இதழ் கதிரியக்க அடையாளம் போட்ட பெட்டி, இல்ல அளவுக்கு மீறி கனமா ஒரு சின்ன உலோக டப்பா பாத்தீங்கன்னா தொடாம தள்ளிப் போங்க, மத்தவங்களையும் கிட்ட விடாதீங்க, 112-க்கு போன் பண்ணுங்க. உங்க வேலை அதோட முடிஞ்சுது.

முதல்ல உங்க கைல இருக்கிறது எந்த வகை கேமரான்னு தெரிஞ்சுக்கோங்க

ஒளிக்கு லென்ஸ் இருக்கு. நமக்கு வேண்டிய சக்தில வர்ற காமா கதிரை லென்ஸ் வச்சு வளைக்க முடியாது. அதனால மூணு வழி கண்டுபிடிச்சாங்க.

ஒண்ணு பின்ஹோல். கனமான ஈயமோ டங்ஸ்டனோ வச்ச பெட்டில ஒரு சின்ன ஓட்டை. படம் தெளிவா இருக்கும், ஆனா ஓட்டை வழியா வர்ற கதிர் ரொம்ப கம்மி, பெட்டியும் தூக்க முடியாத கனம். கையில தூக்கிட்டுப் போற தேடுதல் வேலைக்கு இப்ப பெருசா இதை யாரும் விரும்புறதில்ல.

ரெண்டாவது கோடட் மாஸ்க். ஒரு ஓட்டைக்கு பதிலா நிறைய ஓட்டை, ஒரு கணக்கான அமைப்புல. கீற்றுப் பந்தலுக்குக் கீழ நின்னா தரைல விழுற வெளிச்சப் புள்ளிகளோட இடத்தை வச்சே சூரியன் எந்தப் பக்கம்னு சொல்லிடலாம்ல, அதேதான் இங்க நடக்குது: மாஸ்க்கோட நிழல் டிடெக்டர்ல எங்க நகர்ந்து விழுந்திருக்குன்னு பாத்து சாஃப்ட்வேர் திசைய கணக்குப் போடும். பல கேமராவுல மாஸ்க்கை 90 டிகிரி திருப்பி இன்னொரு தடவை எடுப்பாங்க, அப்ப ஓட்டை இருந்த இடம் அடைப்பா, அடைப்பு இருந்த இடம் ஓட்டையா மாறிடும், ரெண்டையும் கழிச்சா பக்கவாட்டுல இருந்தும் பின்னால இருந்தும் வர்ற பேக்ரவுண்டு, அதாவது சுத்துப்புறக் கதிர், போயிடும். பிரான்ஸ்ல சிஇஏங்கிற அணு ஆராய்ச்சி அமைப்போட ஆராய்ச்சில இருந்து வந்த ஐபிக்ஸ் கேமரா இந்த வகை, உள்ள டைம்பிக்ஸ்ங்கிற டிடெக்டர் சிப், 256-க்கு 256 பிக்ஸல். அமெரிசியம்-241-ஓட 59.5 கேஇவி (காமா கதிரோட சக்திய அளக்கிற அலகு) மாதிரி சக்தி கம்மியான கதிருக்கு மாஸ்க் ரொம்ப நல்லா வேலை செய்யும். சக்தி ஏற ஏற மாஸ்க்கை ஊடுருவி கதிர் வந்துடும், அதனால கோபால்ட்டுக்கு தடிமனான மாஸ்க் மாட்டணும்.

மூணாவது காம்ப்டன் கேமரா. இதுல மாஸ்க்கே கிடையாது. உள்ள வர்ற காமா முதல்ல ஒரு இடத்துல மோதி கொஞ்சம் சக்திய விட்டுட்டு திசை மாறும், அப்புறம் இன்னொரு இடத்துல மிச்ச சக்தியையும் விடும். ரெண்டு இடமும் ரெண்டு சக்தியும் தெரிஞ்சா எவ்ளோ கோணத்துல திரும்பியிருக்குன்னு காம்ப்டன் ஃபார்முலா சொல்லிடும். ஆனா சரியான ஒரே திசை கிடைக்காது, ஒரு கூம்பு கிடைக்கும், சோர்ஸ் அந்தக் கூம்போட மேற்பரப்புல எங்கயோ இருக்கு. நூத்துக்கணக்கான கூம்பு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எல்லாம் சேர்ற இடம்தான் படத்துல பளிச்சுன்னு தெரியும். இதோட பெரிய பலம் என்னன்னா சுத்தி 360 டிகிரியும் ஒரே நேரத்துல பாக்கும், சோர்ஸ் உங்க முதுகுப் பக்கம் இருந்தாலும் காட்டிடும். பலவீனம், சுமார் 250 கேஇவிக்கு கீழ போனா சரியா வேலை செய்யாது, படமும் கொஞ்சம் மொத்தையா இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல உருவான போலாரிஸ் கேமராக்கள் இந்த வழில வந்தது, உள்ள சக்திய துல்லியமா அளக்கிற சிஇசட்டி கிரிஸ்டல், அதனால எந்த நியூக்ளைடுன்னும் (எந்த கதிரியக்கப் பொருள்னும்) அதுவே சொல்லும். கோடட் மாஸ்க், காம்ப்டன் ரெண்டு முறையும் ஒரே பெட்டில இருக்கிற கேமராவும் இப்ப வந்தாச்சு. பட்ஜெட் இருந்தா அதைத்தான் வாங்கச் சொல்வேன், ஏன்னா காணாமப் போனது என்னன்னே தெரியாத கேஸ்தான் நிறைய வரும்.

ஒரு எச்சரிக்கை. வெல்டிங் சோதனை பண்ற ரேடியோகிராஃபி ஆளுங்க இரிடியம்-192 இருக்கிற கருவியையே கேமரான்னுதான் சொல்லுவாங்க. போன்ல யாராவது பதட்டமா "சார், கேமரா காணோம்"னு சொன்னா காணாமப் போனது சோர்ஸ்.

கிளம்புறதுக்கு முன்னாடி

என்ன தேடப் போறோம்னு எழுதி வச்சுக்கோங்க. சீசியம்-137னா 662 கேஇவி, ஒரே கோடு, அதாவது ஒரே சக்தில வர்ற கதிர். கோபால்ட்-60னா 1173, 1332 ரெண்டு கோடு. இரிடியம்-192னா நிறைய கோடு, 316-ம் 468-ம் முக்கியம். இரிடியத்தோட அரை ஆயுள் 74 நாள்தான், கடைசியா அளந்த தேதிய வச்சு இன்னிக்கு எவ்ளோ மிச்சம் இருக்கும்னு கணக்குப் போட்டுடுங்க. சீசியத்துக்கு 30 வருஷம், கோபால்ட்டுக்கு 5.27 வருஷம்.

அப்புறம் மனசுல வச்சுக்க ரெண்டு எண்: 1 ஜிகாபெக்கரல் (சோர்ஸோட பலத்தை அளக்கிற அலகு) சீசியம்-137 திறந்து கிடந்தா 1 மீட்டர் தூரத்துல மணிக்கு சுமார் 90 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்குற டோஸை அளக்கிற அலகு), அதே அளவு கோபால்ட்-60னா சுமார் 350. இந்த ரெண்டும் கைல இருந்தா களத்துல பாதி கணக்கு மனசுலயே முடிஞ்சுடும்.

கேமராவை கிளம்புற இடத்துலயே செக் பண்ணுங்க. சோதனைக்குன்னே இருக்கிற சின்ன செக் சோர்ஸை கேமராவுக்கு முன்னாடி இடது பக்கம் வச்சு ஒரு படம், வலது மேல வச்சு ஒரு படம். கலர் புள்ளி ஃபோட்டோல சரியா அதே இடத்துல விழுதா? சாதாரண கேமராவும் காமா டிடெக்டரும் ஒரே இடத்துல இல்ல, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், அதனால ரொம்ப கிட்ட எடுத்தா புள்ளி நகர்ந்து தெரியும், சாஃப்ட்வேர்ல தூரத்தை சரியா கொடுத்தா அது சரியாகும். ஸ்பெக்ட்ரத்துல, அதாவது எந்த சக்தில எவ்ளோ கதிர் வருதுன்னு காட்டுற வரைபடத்துல, 662 பீக் (உச்சி) 662-லயே நிக்குதான்னும் பாருங்க, வெயில்ல நின்ன வண்டில இருந்து எடுத்தீங்கன்னா கொஞ்ச நேரம் ஆன் பண்ணி விட்டுட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா இதை விட்டுட்டுப் போறவங்களை நிறைய பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

மீட்டர்தான் முன்னாடி போகணும்

கேமராவை தூக்கிட்டு நேரா உள்ள நடக்காதீங்க. சர்வே மீட்டர் முன்னாடி, கேமரா பின்னாடி. மீட்டர் மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் காட்டுற இடத்துல உள் எல்லை, ஐஏஇஏ (சர்வதேச அணுசக்தி முகமை) முதல்நிலை மீட்பாளர் கையேடு சொல்றது இதுதான். அளக்கிறதுக்கு முன்னாடியே உடைஞ்ச, இல்ல கவசம் இல்லாத சோர்ஸ்னு சந்தேகம் வந்தா எல்லாப் பக்கமும் 30 மீட்டர் காலி பண்ணிடுங்க. தீயோ வெடிப்போ சேர்ந்திருந்தா அது 300 மீட்டர்.

ஏரியா ரொம்ப பெருசா இருந்தா கேமராவுக்கு இன்னும் வேலையே வரலைன்னு அர்த்தம். 2023 ஜனவரில மேற்கு ஆஸ்திரேலியால ரியோ டிண்டோ சுரங்கத்துல இருந்து பெர்த் போற வழில 8-க்கு 6 மில்லிமீட்டர் அளவுல ஒரு சீசியம்-137 கேப்ஸ்யூல் லாரில இருந்து விழுந்துடுச்சு, வழி மொத்தம் 1400 கிலோமீட்டர். அதை கேமரா வச்சு தேடல, டிடெக்டர் பொருத்தின வண்டிய ரோட்ல ஓட்டினாங்க, பிப்ரவரி 1-ஆம் தேதி 70 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டிருந்த வண்டி சிக்னல் பிடிச்சுச்சு, அப்புறம் இறங்கி கைக்கருவிய வச்சு ரோட்டோரமா 2 மீட்டர் தள்ளி கிடந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அந்த கேப்ஸ்யூல் 19 ஜிகாபெக்கரல். நம்ம கணக்குப்படி 1 மீட்டர்ல மணிக்கு 1.7 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கான ஒரு வருஷ வரம்பே 1 மில்லிசீவர்ட்தான். அதுவே 20 மீட்டர்ல பாத்தா 4 மைக்ரோசீவர்ட் சொச்சம், சாதாரண பேக்ரவுண்டு 0.1னு வச்சா நாப்பது மடங்கு, அதனாலதான் ஓடுற வண்டில இருந்தே பிடிக்க முடிஞ்சுது. திறந்த வெளில, ஒத்தையா கிடக்கிற சோர்ஸுக்கு வண்டியும் மீட்டருமே போதும். குவியல், கட்டடம், பைப் கூட்டம், பல சோர்ஸ் இருக்கலாம்னு சந்தேகம், இங்கெல்லாம்தான் கேமரா தன் விலைக்கு வேலை செய்யும்.

முதல் படம்

டிரைபாட் கட்டாயம். கைல பிடிச்சு எடுக்காதீங்க. மணிக்கு 10, 20 மைக்ரோசீவர்ட் இருக்கிற இடமா பாத்து நிறுத்துங்க. அங்க 15 நிமிஷம் நின்னா 5 மைக்ரோசீவர்ட்தான், அதுவும் வைஃபைல ஓட்டிட்டு நீங்க தள்ளி உக்காந்தா அதுவும் இல்ல. இதையே மீட்டரோட மணிக்கு 2 மில்லிசீவர்ட் இடத்துல பத்து நிமிஷம் துழாவினீங்கன்னா 330 மைக்ரோசீவர்ட் வாங்கியிருப்பீங்க. கேமராவுக்கு செலவு பண்றதோட முழு நியாயமும் இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் இருக்கு.

எவ்ளோ நேரம் எடுக்கணும்ங்கிறதுல எல்லாரும் தடுமாறுவாங்க. தூரம் ரெண்டு மடங்கானா வர்ற கதிர் நாலுல ஒண்ணு ஆகும். அதனால நேரம் நாலு மடங்குனு நினைப்போம். சோர்ஸ் பேக்ரவுண்டை விட நல்லா தூக்கலா இருந்தா அது சரி. ஆனா பேக்ரவுண்டு ஆதிக்கமா இருக்கிற இடத்துல அதே தெளிவு வேணும்னா 16 மடங்கு நேரம் ஆகும், ஏன்னா அங்க தேவைப்படுற நேரம் சிக்னலோட வர்க்கத்துக்கு தலைகீழா போகுது. அதனால ஒரு மணி நேரமா படம் தெளியலைன்னா இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்காதீங்க, பாதுகாப்பு இடம் கொடுத்தா கொஞ்சம் கிட்டப் போங்க, அதுதான் புத்திசாலித்தனம். அதே மாதிரி ரொம்ப கிட்டப் போய் டெட் டைம் (ஒரு கதிரை பதிவு பண்றப்ப டிடெக்டர் அடுத்ததை கவனிக்க முடியாத நேரம்) எகிறினா படமும் ஸ்பெக்ட்ரமும் கெட்டுடும், அப்ப பின்னாடி வாங்க.

எனர்ஜி விண்டோ, இதை விட்டா மொத்தமும் போச்சு

காமா கதிர் சுவர்ல, தரைல, இரும்புல பட்டு சிதறி வரும். சிதறினதுக்கு சக்தி குறைஞ்சிருக்கும், ஆனா கேமராவுக்கு அதுவும் கதிர்தான். எல்லா சக்தியையும் சேர்த்து படம் போட்டீங்கன்னா சோர்ஸுக்கு எதிர்ல இருக்கிற கான்கிரீட் சுவர்கூட சிவப்பா தெரியும், அந்தச் சுவரை இடிச்சுப் பாக்கப் போயிடுவீங்க. சீசியம்னா 662 பீக்கை சுத்தி மட்டும் விண்டோ வைங்க, அதாவது அந்த சக்தில வர்றதை மட்டும் எண்ணச் சொல்லுங்க. பீக்குக்குள்ள இருக்கிற ஃபோட்டான் எங்கயும் மோதாம சோர்ஸ்ல இருந்து நேரா வந்தது, திசை சொல்ற தகுதி அதுக்கு மட்டும்தான் இருக்கு.

இதுல இன்னொரு விஷயமும் கிடைக்கும். பீக்கை விட கீழ்ப்பக்க சிதறல் ரொம்ப தூக்கலா இருந்தா சோர்ஸுக்கும் உங்களுக்கும் நடுவுல நல்ல கனமா ஏதோ இருக்கு. புதைஞ்சிருக்கலாம், இன்னும் ஈயக் கவசத்துக்குள்ளயே பாதி இருக்கலாம். அதை எடுக்கிறப்ப, நகர்த்துறப்ப டோஸ் சட்டுனு பல மடங்கு ஏறும்னு டீமுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. சீசியத்துக்கு 6.5 மில்லிமீட்டர் ஈயமே பாதியாக்கிடும், கோபால்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் சுமார். அப்படின்னா ரெண்டு விரல் தடிமன் ஈயம் விலகினா என்ன ஆகும்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க.

படத்தைப் படிக்கிற விதம்

கலர் ஸ்கேல் எப்பவும் அந்தப் படத்துலயே அதிகமா இருக்கிற இடத்தை சிவப்பாக்கும். சோர்ஸே இல்லாத ரூம்ல எடுத்தாலும் எங்கயாவது ஒரு சிவப்பு வந்தே தீரும். அதனால சிவப்பைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கவுண்ட் எவ்ளோ, நேரம் கூட கூட புள்ளி இறுகிச் சின்னதாகுதா இல்ல அங்கயும் இங்கயும் தாவுதான்னு பாருங்க. உண்மையான சோர்ஸ் இருந்த இடத்துலயே நிக்கும்.

கோடட் மாஸ்க்ல சோர்ஸ் பார்வைக்கு கொஞ்சம் வெளிய இருந்தா மாஸ்க்கோட நிழல் அரைகுறையா விழுந்து இல்லாத இடத்துல ஒரு போலி புள்ளி வரும். கேமராவை 10, 15 டிகிரி திருப்பி இன்னொண்ணு எடுங்க. உண்மையானது சுவர்ல அதே பொருள் மேலயே இருக்கும், போலி நகர்ந்துடும் இல்ல காணாமப் போயிடும்.

புள்ளியோட அகலமும் சோர்ஸோட அகலம் இல்ல. 10 டிகிரி தெளிவு இருக்கிற கேமரால 20 மீட்டர் தள்ளி இருக்கிற அரிசி மணி அளவு சோர்ஸும் மூன்றரை மீட்டர் அகல வட்டமாத்தான் தெரியும். அதைப் பாத்து "பெரிய ஏரியா கெட்டுப்போச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதினா தேவையில்லாத பீதி.

பலமான சோர்ஸ் பக்கத்துல இருக்கிற பலவீனமானதை மறைச்சுடும். மாயாபுரில மாதிரி பல துண்டு இருக்கிற கேஸ்ல இது உயிர் போற விஷயம்.

கேமராவுக்கு தெரியாததும் இருக்கு. ஸ்ட்ரான்ஷியம்-90 மாதிரி பீட்டா மட்டும் விடுறதை நேரா பாக்காது. ஆல்பா சுத்தமா தெரியாது. தரைல மெல்லிசா பரவின தூசி பேக்ரவுண்டுல கலந்து காணாமப் போயிடும். 1987-ல பிரேசில் கொயானியால சீசியம் குளோரைடு பொடி வீடு வீடா பரவி நாலு பேர் இறந்தாங்க, 249 பேர் மேல மாசு ஒட்டியிருந்துச்சு. அங்க மாதிரி ஒரு சூழ்நிலைல பெரிய குவியல்களை கேமரா காட்டும், ஆனா ஒருத்தர் கைல, கட்டில் விரிப்புல ஒட்டினதை கன்டாமினேஷன் மீட்டர் வச்சுத்தான் தேடணும்.

இயற்கையா இருக்கிறதும் ஏமாத்தும். கிரானைட், டைல்ஸ், பொட்டாஷ் உரம் எல்லாமே காட்டும், பொட்டாசியம்-40னா 1461 கேஇவி. கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி பக்கம் மோனசைட் மணல்ல தோரியம் இருக்கிறதால பேக்ரவுண்டே மத்த ஊரை விட ரொம்ப அதிகம், அங்க 2614 கேஇவி பீக் பாத்தா பயப்பட வேண்டாம். 364 கேஇவி பாத்தா அக்கம் பக்கத்துல தைராய்டுக்கு அயோடின்-131 எடுத்த நோயாளி யாராவது இருக்காங்களான்னு மரியாதையா, மத்தவங்க காதுல விழாம கேளுங்க.

ரெண்டாவது இடம், மூணாவது இடம்

ஒரு படம் ஒரு கோடு மட்டும்தான். அந்தக் கோட்ல 3 மீட்டர்ல இருக்கிற டிரம்லயும் இருக்கலாம், அதுக்குப் பின்னாடி 12 மீட்டர்ல இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம். நகர்ந்து போய் இன்னொரு படம் எடுங்க, ரெண்டு கோடும் வெட்டுற கோணம் 90 டிகிரிக்கு எவ்ளோ கிட்ட இருக்கோ அவ்ளோ நல்லது. ரெண்டு அடி தள்ளி வச்சு எடுத்தா கோடுகள் கிட்டத்தட்ட இணையா ஓடி எங்க வெட்டுதுன்னே தெரியாது. தரைல சாக்பீஸ்ல நின்ன இடத்தைக் குறிச்சு, லேசர் மீட்டர்ல தூரம் அளந்து, பேப்பர்ல கோடு போடுங்க. லைடார் (லேசர்ல தூரம் அளக்கிற கருவி) சேர்த்த புது கேமரா இதைத் தானே 3டில பண்ணிடும், ஃபுகுஷிமால மனுஷன் போக முடியாத கட்டடத்துக்குள்ள ரோபோ மேல காம்ப்டன் கேமராவை ஏத்தி அனுப்பி ஹாட்ஸ்பாட் எங்கன்னு வரைபடம் எடுத்தாங்க. நம்ம கைல அது இல்லைன்னா பேப்பரும் பென்சிலும் போதும், நல்லாவே வேலை செய்யும்.

வெட்டுற இடத்துல ஒண்ணுமே இல்லையா? அப்ப ரெண்டு சோர்ஸ் இருக்கலாம், முதல் படத்துல ஒண்ணு, ரெண்டாவதுல இன்னொண்ணு தூக்கலா தெரிஞ்சிருக்கும். மூணாவது படம் இதுக்காகத்தான்.

தூரம் கிடைச்சதும் பலம் கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு கேமரா நிக்கிற இடத்துல பேக்ரவுண்டு கழிச்சு மணிக்கு 4 மைக்ரோசீவர்ட், சோர்ஸ் 10 மீட்டர் தள்ளி. 10-ஐ 10-ஆல பெருக்கி 100, ஆக 1 மீட்டர்ல 400. சீசியம்னா 90-ஆல வகுத்தா 4.4 ஜிகாபெக்கரல். இது குறைஞ்சபட்சம், நடுவுல கவசம் இருந்தா உண்மை இதை விட அதிகம். காணாமப் போனதா பதிவுல இருக்கிற சோர்ஸ் 40 ஜிகாபெக்கரல்னு வச்சுக்கோங்க, ஒண்ணு கவசத்துக்குள்ள இருக்கு, இல்ல நீங்க பாத்துட்டிருக்கிறது வேற சோர்ஸ். ரெண்டுல எதுன்னு தெரியாம யாரையும் உள்ள அனுப்பாதீங்க.

எடுக்கிறப்ப

இது உரிமம் இருக்கிறவங்க வேலை, இந்தியால ஏஇஆர்பிக்கு (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) தகவல் போயிருக்கணும். கேமரா ஓடிக்கிட்டே இருக்கட்டும், நீளமான டாங்ஸ் (இடுக்கி), ஈய டப்பா தயாரா பக்கத்துலயே, உள்ள போறவர் கழுத்துல அலாரம் டோசிமீட்டர், நேரம் சொல்ல வெளிய ஒருத்தர். கதிரியக்கம் இல்லாத போலி சோர்ஸ் வச்சு முதல்லயே ஒத்திகை பாத்துக்கோங்க. கையால தொடவே கூடாது: 1 மீட்டர்ல 400 மைக்ரோசீவர்ட்னா 1 சென்டிமீட்டர்ல அது மணிக்கு 4 சீவர்ட். விரல் போயிடும்.

டப்பா மூடினதும் கிளம்பிடாதீங்க. அதே டிரைபாட் இடம், அதே விண்டோ, அதே நேரம் வச்சு திரும்ப ஒரு படம் எடுங்க. பெரியது போனதும் அது மறைச்சு வச்சிருந்த சின்னது இப்பதான் தெரியும். அப்படி ஒண்ணு தெரிஞ்சா திரும்ப முதல் இடத்துல இருந்து ஆரம்பிக்கணும், டீம் எவ்ளோ களைச்சிருந்தாலும் சரி. இந்தக் கடைசிப் படத்தோட நின்ன இடம், தூரம், எடுத்த நேரம், மீட்டர் அளவு, விண்டோ எல்லாத்தையும் எழுதி படத்தோட சேர்த்து வைங்க, அந்த இடத்தை மக்களுக்குத் திறந்து விடலாமான்னு முடிவெடுக்கிறவங்க கேக்கப்போறது இதைத்தான்.